எலும்பில்லாத மூளை

அருவருப்பு என்றால் என்னவென்று நாற்பத்தெட்டு வயது வரைக்கும் தலைக்காரிக்குத் தெரியாது. முழங்கை வரை ஆட்டுக் குடலுக்குள் விட்டுப் பிதுக்கிக் கொட்டுவாள். அடுத்த நிமிஷம் அதே கையைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு டீயை வாங்கி ஒரே மடக்கில் குடிப்பாள். கடைக்கு வருகிற புதுப் பெண்கள் யாராவது மூக்கைப் பொத்தினால் விடமாட்டாள். "மூக்க மட்டும் மூடிக்கிட்டு வர்றா பாரு. திங்கிற வாயை யாரு மூடுவா?" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கிறமாதிரி சொல்வாள். கறி மார்க்கெட்டில் பதினோராம் நம்பர் கடை அவளுடையது. தலை, கால், குடல், நாக்கு, மூளை என்று மற்ற கசாப்புக் கடைக்காரர்கள் ஒதுக்குகிறதெல்லாம் அங்கேதான் விற்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கட்டின புருஷனின் வாயோரம் வழிகிற எச்சிலைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது. வந்ததும் அவளுக்கே திக்கென்று இருந்தது. மூன்று மாதமாக அந்தக் குமட்டல் போகவேயில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலை குடல் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே தொட்டிமேல் சாய்ந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்ன அடைப்புதான், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்கள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சு குழைந்து போனது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி கிடந்தான்.

மார்க்கெட் வேலையை முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்கிற காரியம் மூளை வறுப்பது. அன்றைக்கு வந்த தலைகளிலேயே நல்லதாக ஒரு மூளை, உடையாதது, நல்ல வெள்ளையாக இருப்பது, அதை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டாள். உப்பும் மிளகும் தாராளமாகப் போட்டுப் பொன்னிறமாக வறுத்துக் கொண்டுவந்து உட்காருவாள். கால் வலிக்கு ஆட்டுக்கால், ரத்தத்துக்கு ஈரல், மூளைக்கு மூளை. இருபத்தைந்து வருஷமாக அவள் சொல்லி விற்ற சரக்கு. அவள் சொல்லை அவளே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது?

"வாயத் தொறய்யா."

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"தொறங்கிறேன்ல. ஊருல அவனவன் கெஞ்சி வாங்கிட்டுப் போறான். உனக்குக் கசக்குதாக்கும்."

கன்னத்தை அழுத்திப் பிடித்து ஒரு வாய் உள்ளே தள்ளினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். பிறகு அது அப்படியே வழிந்து, எச்சிலும் மிளகுமாக, தாடையில் இறங்கிச் சட்டைக்குப் போனது.

"சீ! சீ! பச்சப் புள்ள மாதிரி. பச்சப் புள்ளயாவது வாயில போட்டத விழுங்கும்." துணியை அவன் மடியில் எறிந்தாள். "தொடச்சிக்கோ. இடது கை நல்லாத்தானே இருக்கு? தொட! சீக்கிரம்!"

அவன் துணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கை அசையவில்லை. கல்லுளிமங்கன் என்று வைதுவிட்டு அவளே துடைத்தாள். துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலுக்கடியில் மூத்திரப் பாத்திரம் நாறியது. ஒரு காலத்தில் நூறு குடலின் நாற்றத்தில் பாட்டு முணுமுணுத்தவள், அந்த ஒரு பாத்திரத்தை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பார்க்க வருகிறவர்கள் அதைவிட மோசம். வாசலிலேயே நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, "அடடா, எப்படி இருந்த மனுஷன்" என்பார்கள். கண் மட்டும் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் மேயும். போகிற வழியிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

எப்படி இருந்த மனுஷன் என்பது மட்டும் உண்மை. மார்க்கெட்டில் அவனுக்குப் பேரே 'ஒரே வெட்டு'தான். தாடையைக் கழற்றி, நாக்கை உருவி, தலையைக் கட்டைமேல் நிறுத்துவான். இடது கை விரல் இரண்டால் அதன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். கத்தி ஒருதரம்தான் இறங்கும். மண்டை இரண்டாக விரியும், உள்ளே மூளை கீறல்கூட இல்லாமல் கிடக்கும். ஆழம் ஒரு மயிரிழை கூடினால் மூளை கிழியும், குறைந்தால் இன்னொரு வெட்டுப் போட வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் எலும்புச் சில்லு உள்ளே தெறிக்கும். சில்லு தெறித்த மூளையை வாங்கித் தின்கிறவனின் பல்லுக்குத் தெரியும் அந்தக் கசாப்புக்காரனின் லட்சணம். 'எலும்பில்லாத மூளை வேணுமா, பதினொண்ணுக்குப் போ' என்று மார்க்கெட்டே சொல்லும்.

ஐந்தாறு வருஷமாகத்தான் அந்தக் கை தப்ப ஆரம்பித்தது. முதலில் பத்துக்கு ஒன்று, அப்புறம் பத்துக்கு நாலு. கூடவே வேறு கோளாறுகளும் வந்தன. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சின்னச் சின்ன அடியாக நடந்தான். வேலை நடுவில் கழிப்பறைக்கு ஓடினான், ஓடியும் சிலநாள் நனைத்துக்கொண்டான். எதைக் கேட்டாலும் பதில் வர ஒரு யுகம் ஆனது. "நீ வாயத் தொறக்கிறதுக்குள்ள கறியே நாறிடும்யா" என்று அவள் கத்தினால் பக்கத்துக் கடைகளெல்லாம் சிரிக்கும். அவனும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓட்டல் சமையல்காரர் ஒருவர் ஆறு மூளை வேண்டுமென்று வந்து நின்றார். மூன்றாவது தலையில் நாலு வெட்டு விழுந்தது. சமையல்காரர் மூளையை விரலால் தடவிப் பார்த்து, "இத யாரு பல்லுக்குக் குடுக்கிறீங்க?" என்று கட்டைமேல் திரும்ப வைத்தார். தலைக்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மூளையை வாரி எடுத்துப் புருஷனின் நெஞ்சில் அடித்தாள்.

"பாருய்யா! எத்தனை எலும்புன்னு நீயே தடவிப் பாரு!"

அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். ஒட்டியிருந்ததை விரலால் துழாவி, ஒவ்வொரு சில்லாக எடுத்துக் கட்டையின் ஓரத்தில் வைத்தான். அவசரமே இல்லை. ஏழோ எட்டோ இருந்தன. வைத்து முடித்துவிட்டுக் கால் தேய்த்துக் குழாயடிக்குப் போனான். மறுநாள் அவள் கத்தியை அவனுடைய தம்பி சின்னவன் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து 'ஒரே வெட்டு'க்குக் குடல் கழுவுகிற வேலை.

சின்னவனுக்கு வெட்டும் சுமார்தான், வாய் மட்டும் நீளம். அண்ணன் படுத்த இரண்டாம் மாதமே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அண்ணன் நடிக்கிறாரு."

"என்னடா உளறுற?"

"பின்ன? எதிர்க்கடை ஈரல்காரர் என்ன ஆனாரு? மூணு நாள் நினைவே இல்ல. பாதி மூளை போச்சுன்னாங்க. இன்னைக்கு ஈரல நிறுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அண்ணனுக்குச் சின்ன அடைப்பாம், டாக்டரே சொன்னது. சின்ன அடைப்புக்காரர் படுத்திருக்காரு, பெரிய அடைப்புக்காரர் யாவாரம் பண்றாரு. இதுல என்னமோ இருக்கா இல்லையா?"

அவளுக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்கூட உதட்டைப் பிதுக்கினாள். "அவங்க முயற்சியே பண்ண மாட்டேங்கிறாங்கம்மா. கைய நீட்டுங்கன்னா சும்மா பார்க்கிறாங்க. இன்ட்ரஸ்டே இல்ல." அடுத்த வாரத்திலிருந்து அவளும் வரவில்லை.

"எத்தனை நாளைக்கு நீங்க மார்க்கெட்டுலயும் கழுவி வீட்டுலயும் கழுவுவீங்க?" என்றான் சின்னவன் அடுத்த மாதம். "பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகம் இருக்கு. விசாரிச்சிட்டேன். இனிமே தேற மாட்டாருன்னு டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க. திங்கக்கிழமை கொண்டுபோய் விட்டுடலாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே சம்மதம் என்று அவனும் காப்பகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். கட்டிலில் இருந்தவன் காது நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் வாசலில் நின்று பேசியது அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கும். அதை நினைத்து அவளுக்குக் கூசியது. கூசியதை வெளியே காட்டாமல் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உப்புக் கூட்டி வறுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடையைச் சின்னவனிடம் விட்டுவிட்டுக் காப்பகத்தார் கொடுத்த காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். காகிதத்தை வாசித்துவிட்டுக் கீழே வைத்தார். கையெழுத்துப் போடாமல் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் மூளை. குறுக்கால துண்டு போட்ட மாதிரி எடுத்த படம்."

அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதே மடிப்புகள், அதே நடுக்கோடு. தினம் முப்பதைக் கையில் எடுக்கிறவள்.

"இந்தா, இந்தச் சின்னப் புள்ளிதான் அடைச்ச எடம். பட்டாணி அளவு."

"இந்தப் பட்டாணிக்கா இத்தனை பாடு? எதிர்க்கடை ஈரல்காரருக்கு இதைவிடப் பெருசாம், எந்திரிச்சி நடக்கிறாரே. எங்காளு முயற்சியே பண்ண மாட்டேங்கிறாரு டாக்டர்."

"புள்ளிய விடுங்க. சுத்திப் பாருங்க, ரெண்டு பக்கமும். வெள்ளை வெள்ளையாப் படர்ந்திருக்கா?"

தலைக்காரிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆமா, நல்ல வெள்ளையாத்தான் இருக்கு. வெள்ளையா இருந்தா நல்ல மூளைதானே? மங்கிப்போனாத்தான் எங்க கடையில பழசு."

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "இந்தப் படத்துல அப்படி இல்லம்மா. இந்த வெள்ளைதான் வியாதி."

அவள் படத்துக்குக் கிட்டே குனிந்தாள்.

"மூளையோட உள்பக்கம் பூரா வயர் மாதிரி. இங்க இருக்கிற சேதிய அங்க கொண்டுபோறது. வெள்ளையாத் தெரியிற எடமெல்லாம் அந்த வயர் நைஞ்சுபோன எடம். ஈரல்காரர் படத்த நான் பார்த்ததில்ல. ஆனா பெரிய அடைப்பு வந்தும் சீக்கிரம் தேறுறவங்க உண்டு. மெயின் ரோடு அடைச்சாலும் சந்து பொந்தெல்லாம் நல்லா இருந்தா சேதி சுத்திக்கிட்டுப் போய்ச் சேர்ந்துடும். இவருக்கு அடைச்சது சின்ன எடம்தான். ஆனா சுத்துவழியெல்லாம் ஏற்கெனவே குண்டும் குழியும். அதான் மெதுவா வருது."

"எப்ப இருந்து இப்படி?"

"ஒரே நாள்ல வர்றதில்ல. பிரஷர் வருஷக்கணக்கா உள்ள அரிச்சிருக்கும். அஞ்சாறு வருஷம் இருக்கும், மேலயும் இருக்கலாம். முன்னாடியே நடை மாறிச்சா? காலைத் தேய்ச்சு, சின்னச் சின்ன அடியா?"

"ஆமா."

"பாத்ரூமுக்கு அவசரம்? கேட்டா பதில் வர லேட்டாகும்? எதுலயும் ஒரு இஷ்டமில்லாம?"

அவள் தலை மட்டும் ஆடியது.

"கை வேலை ஏதாவது தப்ப ஆரம்பிச்சுதா? என்ன வேலை பார்த்தாரு?"

"தலை வெட்டுவாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"ஆட்டுத் தலை, டாக்டர்," என்றாள் தலைக்காரி.

மார்க்கெட்டில் ஒருதரம் இலவசமாகப் பிரஷர் பார்க்க வந்தார்கள். அவனுக்கு அதிகமென்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள்தான் அந்தச் சீட்டை வாங்கிக் கடை ஆணியில் பைகளோடு பையாகக் குத்தினாள். ரத்தம் பட்டு எழுத்தெல்லாம் அழிந்து, ஒருநாள் அதில் நாலு ஆட்டுக்காலைச் சுற்றிக் கொடுத்தும்விட்டாள். அதை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"முயற்சி பண்ணலைன்னு சொல்லாதீங்க," என்றார் டாக்டரம்மா. "முயற்சி பண்றதுக்கும் அந்த வயர்தானே வேணும்? மனசு கிளம்பிடும், கைக்கு வந்து சேர நேரமாகும். ஒண்ணு சொன்னீங்கன்னா மனசுக்குள்ள எண்ணுங்க. பத்து வரைக்கும், இருபது வரைக்கும். நடுவுல சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டினா போய்க்கிட்டிருக்கிற சேதியும் பாதில நின்னுடும். சரி, பிரஷர் ஏன் இறங்க மாட்டேங்குது? மாத்திரையக் கூட்டிக்கிட்டே இருக்கேன். என்ன குடுக்கிறீங்க சாப்பிட?"

"மூளை."

"என்னது?"

"தினமும் மூளை, டாக்டர். இருக்கிறதுலயே முதல் தரம். மூளைக்கு மூளைன்னு."

"எப்படிச் செய்வீங்க?"

"எண்ணெய்ல வறுத்து, உப்பு மிளகு போட்டு."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூளை தின்னா அது மூளைக்குப் போகாதும்மா, வயித்துக்குத்தான் போகும். கொழுப்பும் உப்பும்தான் மிச்சம். இன்னையோட நிறுத்துங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அவராவது விரும்பிச் சாப்பிடுறாரா?"

அப்போதுதான் தலைக்காரிக்கு உறைத்தது. நெஞ்சில் அடித்த அந்த நாளுக்குப் பிறகு அவன் தட்டில் மூளை விழுந்து அவள் பார்த்ததேயில்லை. இரண்டு வருஷமாக வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறான். அவள் கவனிக்கக்கூட இல்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலைமையில் அவன் கன்னத்தைப் பிடித்து, அதையே மூன்று மாதமாகத் திணித்திருக்கிறாள்.

"தேற மாட்டார்னு நான் எழுத மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "மெதுவாத் தேறுவார், எவ்வளவு தூரம்னு தெரியாது. வேணும்னா அப்படி எழுதறேன்."

"வேண்டாம்," என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

கடைக்கு வந்து, வேலைக்குக் கட்டுகிற முன்துணியை மாட்டியபோது மத்தியானமாகியிருந்தது. தட்டில் நாலு மூளை மிச்சம், மேலே ஈ. வழக்கமாக ஈயை ஒரு கையால் விரட்டி மறு கையால் மூளையைத் திருப்பிப் போடுவாள். அன்றைக்கு விரல் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் போய்க் குனிந்து, குடித்த டீ முழுவதும் வெளியே வருகிற வரைக்கும் வாந்தி எடுத்தாள். குடலும் மூளையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளைக் குமட்டியது அவளேதான். அந்தக் கை, அந்த வாய், இருபத்தைந்து வருஷத்து வாய்.

சின்னவன் ஓடிவந்தான். "என்ன அண்ணி? கையெழுத்துப் போட்டாங்களா?"

"இல்ல."

"ஏனாம்?"

"உங்கண்ணன் நடிக்கலையாம். அஞ்சாறு வருஷமா மண்டைக்குள்ள அரிச்சிருக்கு. நாமதான் சிரிச்சிருக்கோம்."

"அதெல்லாம் டாக்டருங்க சொல்றதுதான் அண்ணி. திங்கக்கிழமைன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"நீ குடுத்த வாக்குக்கு நீ போய்ப் படுத்துக்கோ," என்றாள். அவன் வாய் அதற்குமேல் நீளவில்லை.

கடைக்கு முன்னால் ஒரு பெண் காத்திருந்தாள். "மகளுக்குப் பரிட்சை வருதுக்கா. மூளைக்கு நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு குடுங்க."

தலைக்காரி வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூளை தின்னா மூளை வராதும்மா. வர்றதா இருந்தா எனக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். ருசிக்கு வேணும்னா வாங்கிக்கோ."

அந்தப் பெண் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு ஒருமாதிரி பார்த்தபடி போனாள்.

வீட்டுக்குப் போனவள் முன்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. சோற்றைக் குழையவிட்டுக் கஞ்சி காய்ச்சினாள். உப்பைக் கிள்ளி, கிள்ளியதிலும் பாதியைத் திரும்பப் போட்டாள். கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்ததும் அவன் வழக்கம்போல உதட்டை இறுக்கினான். இறுக்குகிறதற்கு மட்டும் அந்த உடம்பில் இத்தனை பலம் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"மூளை இல்லய்யா. பாரு, கஞ்சி. இனிமே அது இந்த வீட்டுக்கு வராது."

கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். பார்த்தான். அவள் காத்திருந்தாள். வாய் திறந்தது.

மூன்றாவது கரண்டியில் புரை ஏறிவிட்டது. பலமாக இருமினான். வாயில் இருந்த கஞ்சி முழுவதும் அவள் நெஞ்சில் தெறித்தது. கடையில் பட்ட ஆட்டு ரத்தம் காய்ந்திருந்த முன்துணியில் வெள்ளையாக அப்பிக்கொண்டு நின்றது. அவனுடைய கண் அங்கேயே போய்க் குத்திட்டது. எதற்கோ தயாராகிறவன் மாதிரி தோளைக் குறுக்கினான்.

அவளுக்கு வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். "ஒண்ணும் இல்ல, தொடச்சிவிடு" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.

பத்து வந்தது. ஒன்றும் இல்லை. பதினைந்து. பதினேழில் மடியில் கிடந்த கை அசைந்தது. வலது கை. விழுந்துபோன கை. விரல்கள் முதலில் போர்வையைப் பிறாண்டின, பிறகு கை மேலே எழும்பியது, நடுங்கியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. முப்பதுக்கு மேல் அவளுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. விரல் இரண்டும் அவள் நெஞ்சில் வந்து பட்டன. ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை எடுத்தான். கிண்ணத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதையும் அதற்குப் பக்கத்தில் வைத்தான். வேலை தெரிந்த கை. அன்றைக்குக் கட்டையின் ஓரத்தில் வைத்த அதே மாதிரி.

"எலும்பு," என்றான். பேச்சோடு எச்சிலும் வந்தது.

அடுத்த சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

"இல்ல."

பாதி கோணிய அந்த முகத்தில் அது சிரிப்பா, குத்திக்காட்டலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. குத்திக்காட்டினாலும் தகும் என்று நினைத்தாள். துணி தேடாமல் அவன் தாடையில் வழிந்ததைத் தன் உள்ளங்கையாலேயே துடைத்துவிட்டாள்.

"இந்தப் பக்கமும் இருக்கு பாருய்யா," என்று நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் காட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.